மட்கார்டின் அடியில் ஒரு வெட்டு

தொண்ணூறுகளில், திண்டுக்கல்லில் நத்தம் சாலையை ஒட்டி நான் ஒரு பைபர் பட்டறை வைத்திருந்தேன். சிறுமலை ஏறி இறங்கும் பழைய ஜீப்புகளில் பலவற்றுக்குக் கூரையும் மட்கார்டும் பைபரில்தான் இருக்கும். கல்லில் இடித்து விரிசல் விட்டால் எங்களிடம் வரும். நான் வேதியியல் பட்டதாரி. பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதி வைத்திருந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. பத்தாவது தேறாதவன். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துவிட்டு வந்தவன். பெட்ரோலில் நனைத்த துணியால் பாடியைத் துடைப்பான். மற்ற இடமெல்லாம் சட்டென்று காய்ந்துவிடும். விரிசலில் மட்டும் மயிரிழை போல ஈரம் நிற்கும். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், "இந்தா, இங்கிட்டு வரைக்கும் ஓடியிருக்கு" என்று சாக்பீஸால் புள்ளி வைப்பான். அந்தப் புள்ளியில் சின்ன ஓட்டை போட்டால் விரிசல் அதற்குமேல் ஓடாது. அவன் வைத்த புள்ளி தப்பி நான் பார்த்ததில்லை.

வருகிறவர்கள் அவனைத்தான் தேடினார்கள். "தம்பி இல்லையா சார்? அப்பச் செத்த நேரம் கழிச்சு வாரேன்" என்பார்கள், என் பெயர்ப்பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு. வீட்டிலும் அதே பேச்சு. "தம்பி கை பட்டா வண்டி புதுசாயிருதாம்ல?" என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டே மனைவி சோறு போடுவாள். நான் பாதியிலேயே கையைக் கழுவிவிடுவேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் விநோதமான வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏலத்தில் எடுத்ததாம். காட்டுப் பாதைக்கென்றே செய்த சின்ன வண்டி; பாடியில் தகரமே கிடையாது. முன் மட்கார்டில் ஒரு முழத்துக்கு விரிசல். மேலே பெயிண்ட், அடியில் தார்ப் பூச்சு. பார்வைக்குப் பைபர்தான்.

"தம்பியே பாக்கட்டும் சார். இந்த ஒட்டு நின்னுச்சுன்னா எங்க தோட்டத்து வண்டி பூராத்தையும் அவரு பொறுப்புல விட்டுர்றேன்" என்றார், என்னிடமே.

மச்சினன் சாப்பிடப் போயிருந்தான். நான் மட்கார்டின் அடியில் கையை விட்டு, விளிம்பில் நகத்தளவு சீவி எடுத்துக் கொளுத்தினேன். பைபராக இருந்தால் கரும்புகை வந்து கண்ணாடி இழை மிஞ்சும். இது உருகிச் சொட்டியது. மெழுகுவர்த்தி வாசனை. இன்னொரு துணுக்கை வாளித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. வெறும் பிளாஸ்டிக். பைபருக்குப் போடும் பசை இதில் பிடிக்காது. இதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் இணைக்க வேண்டும். சொட்டிய துளியைச் செருப்பால் தேய்த்துவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் வந்து தட்டிப் பார்த்தான். மறுபடியும் தட்டினான்.

"சத்தம் வேற மாதிரி இருக்கு மச்சான். பைபர்தானா? ஒட்டுமா?"

"ஒட்டும். போடு."

படித்தவன் சொன்னதால் போட்டான்.

இரண்டே வாரத்தில் மலை வளைவில் ஒட்டு பிய்ந்து, மட்கார்டு சக்கரத்தில் தொங்கியது. தோட்டக்காரர் வண்டியோடு வந்து நின்றார். "என்னப்பா வேலை பாத்திருக்க? டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கழண்டு வருது!" எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சினன் தலை நிமிரவில்லை.

நான் காத்திருந்தது இதற்குத்தான். எல்லோரும் பார்க்கச் சீவினேன், கொளுத்தினேன், வகுப்பெடுப்பது போல விளக்கினேன். விரிசலின் முனையில் ஓட்டை போட்டு, அதே ரகப் பிளாஸ்டிக் கீற்றுகளைச் சால்டரிங் அயர்னால் உருக்கி அடைத்தேன். "படிச்சவுக கைன்னா சும்மாவா!" என்றார் தோட்டக்காரர்.

எனக்காக மட்கார்டை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்தவன் மச்சினன். அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். நான் அப்போது சீவிய இடம் வெள்ளையாக இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வெட்டு, அதே அளவில், மண் ஏறிப் பழுப்பாக. என் முகத்தைப் பார்த்தான். வேலை முடியும்வரை பிடித்த கையை எடுக்கவில்லை.

சாயங்காலம், "வாரேன் மச்சான்" என்றான். அதன்பின் பட்டறைக்கு வரவில்லை.

"அவன் செஞ்ச தப்பத்தான் சொன்னேன். கோச்சுக்கிட்டுப் போயிட்டான், அம்புட்டுத் திமிரு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஆயக்குடியில் கொய்யாத் தோட்டக்காரர்களின் உடைந்த பிளாஸ்டிக் பெட்டிகளை அவன் உருக்கி ஒட்டுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு தடவை என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்தான். சீரில் ஒரு குறை வைக்கவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான். "இன்னும் திமிரு அடங்கலை பாருங்க" என்று மனைவி அழுதாள். அன்றோடு தம்பி வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒட்டுமான்னு ஒங்ககிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"ஒட்டும்னீங்க."

"ஆமா."

எழுந்துபோய்ப் பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க வேணாம். நான் மொதல்ல போயி அவன் வீட்டுல ஒரு வாய் சாப்பிடுறேன்."

போய் மூன்று நாளாகிறது.