தூணில் படாத நூல்

மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டியில் பலகை, பொம்மைகள், அட்டைச் சுவர்கள் எல்லாம் இருக்கின்றன. கூட ஆட ஆள்தான் இல்லை. அந்தக் குறையை டேப்லெட்டில் இருக்கும் ஒரு செயலி தீர்த்துவைக்கிறது. எதிராளியான பேய் பொம்மையை எங்கே நகர்த்துவது என்று அது சொல்லும், நான் நகர்த்துவேன். பிறகு, பேயின் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்களா என்று கேட்கும். பாவம், பலகை அதற்குத் தெரியாது. என் கட்டத்தின் நடுவிலிருந்து பேயின் கட்டத்துக்கு நேர்கோடு பிடித்துப் பார்த்து, சுவர் குறுக்கிட்டால் ‘இல்லை’, குறுக்கிடாவிட்டால் ‘ஆம்’ என்று நான்தான் அழுத்த வேண்டும். கோடு சுவரின் முனையை உரசிக்கொண்டு போனால்? விதிப்புத்தகம் வாயே திறக்கவில்லை. பதிவுத் துறையில் காலம் தள்ளியவளுக்கு விதியில் ஓட்டை புதிதல்ல. ஆனால் இந்த ஓட்டையை நான் ஏழு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

அப்போது எங்கள் வீடு திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அந்த வருடம் மாமா, அம்மாவின் தம்பி, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து எங்கள் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டார். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ராஜ மரியாதை என்று எனக்குப் பொறாமை. அறைக்குள் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆட வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பள்ளியிலும் என் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. அதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை.

மாமாதான் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். கூடத்துத் தரையில் சாக்பீஸால் கட்டங்கள் போட்டு, அங்கங்கே தீப்பெட்டிகளை நிறுத்தினால் ஆயிரங்கால் மண்டபம். புளியங்கொட்டை போலீஸ், அது நான். சோழி திருடன், அது மாமா. அறைக் கதவு திறந்திருக்கும். ஆனால் கட்டிலிலிருந்து கூடம் தெரியாது. கொட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல, மண்டபத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, “கிழக்கால ரெண்டு கட்டம்” என்று குரல் கொடுப்பார். சோழியை நகர்த்திவிட்டு, கொட்டையிலிருந்து சோழிவரை தையல் நூலை இழுத்துப் பிடிப்பேன். எந்தத் தூணிலும் நூல் படாவிட்டால் திருடன் அகப்பட்டான்.

“நூலு தூண தொடுதா பாப்பா?”

“லேசா உரசுது மாமா.”

“உரசினா நான் மறைஞ்சுட்டேன்.”

அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

நான் பிடித்துவிட்டால் அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும். இது நான் வைத்த பந்தயம். “ஆகட்டும், மொதல்ல புடி” என்றார். அதற்காகவே பள்ளி விட்டதும் ஓடி வருவேன். தினமும் ஏதாவது ஒரு தீப்பெட்டி அவரைக் காப்பாற்றிவிடும். “அக்கா, உன் பொண்ணு போலீசு வேலைக்கு லாயக்கில்ல” என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஒரு சாயங்காலம் அவர் கணக்கு தப்பியது. தெற்கே ஒரு கட்டம் என்றார். நூலை இழுத்தேன். எதிலும் படாமல் நேராக நின்றது.

“படல மாமா! புடிச்சுட்டேன்! வெளியே வாங்க!”

“நல்லா இழுத்துப் புடிச்சுப் பாரு. தொடும்.”

“தொடல.”

“நூலு வளைஞ்சிருக்கும். இன்னொரு வாட்டி பாரு.”

பார்த்தேன். தூணுக்கும் நூலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போயிற்று. அதையும் சொன்னேன்.

“தொடுதுன்னு சொல்லும்மா.”

ஆட்டத்தில் ஒரு பெரியவர் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை.

“அழுகுணி ஆட்டம் ஆடறீங்க! பார்க்காமலே தொடும்னா எப்படி?”

கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று எழுந்து போனேன். அறை வாசற்படியில் கால் வைப்பதற்குள் கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாதவர் அவ்வளவு வேகமாகக் கட்டிலை விட்டு வந்திருந்தார்.

அம்மாவிடம் ஓடிப்போய் வழக்கை வைத்தேன். பந்தயம், நூல், சுண்டுவிரல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அம்மா மாமாவின் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ள போனியா?”

“எங்க விட்டாரு? கதவைச் சாத்திக்கிட்டாரு.”

அம்மா என்னை இழுத்து, மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டாள். நான் ஜெயித்ததற்காக என்று நினைத்துக்கொண்டேன்.