ஒரு விரல் சாய்வு

அந்தச் சனிக்கிழமை கட்டட வேலையில் மலையாளியான கான்ட்ராக்டர் இருந்தார், மேஸ்திரி இருந்தார், செங்கல் சுமக்கிற முருகன் இருந்தான், சாந்து குழைக்கிற நான் இருந்தேன்.

மேஸ்திரி மெலிந்த ஆள். மார்த்தாண்டம் பக்கம். சனி சாயங்காலம் ஊருக்குப் போய் ஞாயிறு தேவாலய ஆராதனையில் உட்கார்ந்துவிடுவார். சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்காமல் கை கழுவ மாட்டார். அன்று ஊருக்குப் போகிற அவசரத்தில் நடுவில் பார்க்கவில்லை. கடைசியில் பிடித்தார். சுவர் ஒரு விரல் சாய்ந்திருந்தது.

"பூச்சுல மறைஞ்சுடும் மேஸ்திரி, கேட்டோ," என்றார் கான்ட்ராக்டர். "வீட்டுக்காரன் அறியமாட்டான்."

"மறையும் சாரே. அதுதான் பயமா இருக்கு."

திங்களுக்குள் சுவர் முடிய வேண்டும். இடித்தால் எங்கள் மூவருக்கும் ஞாயிறும் வேலைதான். முருகனுக்கு எரிச்சல்.

"நாளைக்குக் கோயில்ல மன்னிப்பு கேட்டாப் போதும்லா அண்ணாச்சி?"

"கேக்கலாம்டே. சுவரு நிமிராதே."

கடப்பாரையை அவரே எடுத்தார். எனக்குக் கை ஓய்ந்திருந்தது. கோபத்தோடுதான் கல்லை அள்ளினேன்.

ஞாயிறு காலை, ஆராதனை நேரத்தில், அவர் கல் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் குறை சொல்லவில்லை, தன்னைப் பெருமையாகவும் சொல்லவில்லை. அந்த ஆள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இடித்தது பதினொரு வரிசை.