கடலில் மூச்சுக் கேட்ட உங்கள் பெரியப்பா

என் அன்புப் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "காட்டிக்குடுக்கிறவற்ர தம்பியின்ர பிள்ளையள்" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததாக ஒருநாள் அழுதுகொண்டு வந்தீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

பெரியப்பா பேசாலை என்ற மீனவ ஊரில் பிறந்தவர். எங்கள் ஐயா, உங்கள் அப்பப்பா, இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. சண்டைக் காலத்தில் தம்பிமார் எங்களைப் படகில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனவரும், அகதி முகாமில் இருந்து கல் சுமந்து எங்களை வளர்த்தவரும், திரும்பி வந்து வீடு எழுப்பியவரும் அவரே.

நீங்கள் பிறக்கும் முன் உங்கள் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை பெரியப்பாவும் நானும் தேடிப் போனோம். காற்றே இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். யாரோ விரித்துவிட்டுப் போன வலையின் பக்கத்தில் ஒரு மூச்சுக் கேட்டது. மூழ்கி எழும்பிய மனிதன் விடுகிற மூச்சு.

"அவன்தானடா!" என்று பெரியப்பா குதித்துவிட்டார்.

அது கடற்பன்றி; கடற்பசு என்றும் சொல்வார்கள். வலையில் சுற்றுப்பட்டு, கைபோன்ற செட்டையைப் பெரியப்பாவின் தோளில் போட்டுக்கொண்டு கிடந்தது.

"அண்ணை, அது தம்பியில்லை. விட்டிட்டு ஏறுங்கோ!"

"தெரியுது. கத்தியைத் தா."

வலையை அறுத்தார். அது உடனே போகவில்லை. படகை ஒருமுறை சுற்றி வந்து, மறுபடி அதே மூச்சை விட்டுத் தாழ்ந்தது. சித்தப்பாவின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கடற்பன்றியையும் ஆமையையும் களவாகப் பிடிப்பவர்களைத் தடுக்க, வனசீவராசி உத்தியோகத்தர் இருவர் கரையில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அவர்களுடைய படகு பாதி நாள் பழுது. பெரியப்பா தன் படகில் அவர்களைக் கொண்டுபோவார்; ஊரில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். கடற்புல் எங்கே வளரும், கடற்பன்றி எங்கே மேய வரும் என்று காட்டுவார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். அவர்களில் ஒருவர் சிங்களவர்.

"அண்ணே, நீங்க மீன் பிடிக்க வந்ததா, சேர்ச்சுப் பூசை கேக்க வந்ததா?" என்று சிரிப்பார்.

"ரெண்டுந்தான். நீர் கொஞ்சம் வாயை மூடும்."

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். ஒரு கிழமையாகக் கடல் கொந்தளித்து, அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத நேரம். ஊரில் ஒருவர் என்னிடம் ஒரு பார்சலைத் தந்தார். "மீனுக்கு வெடி போட்டதில தாய்க் கடற்பன்றி ஒண்டு மாட்டினது. பிள்ளையளுக்குக் குடு. உன்ர அண்ணைக்குச் சொல்லாதை" என்றார். நான் வாங்கினேன். மாட்டிறைச்சி என்று நீங்கள் சாப்பிட்டது அதுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பெரியப்பா வந்தார்.

"என்ன கறி?"

"மாட்டிறைச்சி, அண்ணை."

"ஓமோ."

சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

கடல் அடங்கிய காலையில் என்னையும் படகுக்குக் கூப்பிட்டார். உத்தியோகத்தர் இருவரும் இருந்தார்கள். எஞ்சினை நிறுத்தியதும் ஒரு குட்டி, தாயில்லாமல், நான் இருந்த பக்கத்தில் எழும்பியது. நான் மற்றப் பக்கம் மாறி உட்கார்ந்தேன். அது படகுக்கு அடியால் வந்து அங்கேயும் எழும்பியது. அதன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. பெரியப்பா மெதுவாகக் கேட்டார்:

"கையை நல்லாக் கழுவினியோ, தம்பி?"

பிறகு அந்தக் குட்டியை யாரும் காணவில்லை. கடலில் வெடிச் சத்தம் மட்டும் இன்றும் கேட்கிறது.

வெடி போட்டவர் யார் என்பது எனக்குத் தெரியும் என்று பெரியப்பா அறிந்திருந்தார். ஆனாலும் நெடுநாள் கேட்கவில்லை. நுரையீரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கேட்டார். அவர் மூச்சு எடுக்கும்போதெல்லாம், நான் கட்டிலருகே இருக்கிறேனா கடலில் இருக்கிறேனா என்று உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன்.

"அந்தப் பேரை இன்னும் எத்தினை நாளைக்கு வைச்சிருக்கப் போறாய்?"

அன்றும் நான் சொல்லவில்லை. மறுநாள் விடியலில், செபம் சொல்லி முடிய, அவருடைய மூச்சு அடங்கியது. அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில், வெடி போட்டு இறைச்சி தந்த அந்த மனிதரும் ஒருவர். எனக்கு முன்னால்தான் நடந்தார்.

பலர் வராத வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்தவர்கள், எட்டு நாளும் சாப்பாடு அனுப்பிய அயலவர்கள், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியின் பின்னால் நடந்த உத்தியோகத்தர் இருவர், இவர்கள் எல்லோரையும் எங்கள் குடும்பம் மறக்காது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதையும் சேர்க்கிறேன். நேற்றுப் பின்னேரம் பெரியம்மாவுக்கும் சொல்லாமல் தகரக் கொட்டிலுக்குத் தனியே நடந்து போனேன். உத்தியோகத்தர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். மேசையில் இருந்த முறைப்பாட்டுக் கொப்பியில் வெடி போட்டவரின் பெயரை எழுதினேன். அதன் கீழே, இறைச்சியை வாங்கிச் சமைத்தவன் என்று என் பெயரை எழுதினேன். அவசரத்தில் கிறுக்கியதில் என் பெயர் விளங்கவில்லை. அதை வெட்டிவிட்டு, ஆறுதலாக, விளங்கும்படி மறுபடி எழுதினேன்.