ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூங்கும் பொம்மை

மகுடேஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலிபாளையத்தில் ஆறு நிட்டிங் மிசின் வைத்துப் பனியன் துணி ஓட்டுகிறார். ஞாயிறு மாலை நான்கு மணியானால் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறார். இதைச் சொன்னால் அவருடைய யூனிட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புவேன். அந்தக் கேமை ஒழுங்காக ஓட வைக்கப் போய் மூன்று வாரம் மண்டை காய்ந்தவன் நான்.

என் பெயர் ஜெயபாண்டி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, பதினான்கு வருடமாக இங்கே பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் திட்டும்போதும் 'ங்க' போட்டுத் திட்டுவதால் திருப்பிக் கத்த வழியே இல்லை.

"தம்பி, கேமு லேட்டாகுதுங்க" என்றார் மகுடேஸ்வரன் போனில். "நான் பட்டனை அமுத்துனா, அந்தப் பொம்மை தூங்கி எந்திரிச்சுத்தான் கையைத் தூக்குது."

அது கிளவுட் கேம். ஆட்டம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடப்பதில்லை. எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் நடக்கிறது. நாம் பட்டனை அமுக்கியது இன்டர்நெட் வழியாக அங்கே போய், படமாகத் திரும்பி வர வேண்டும். போகிற வழியிலோ வருகிற வழியிலோ எங்கே நெரிசல் என்றாலும் பொம்மை தூங்கும்.

ஐதராபாத்தில் வேலை பார்க்கும் அவர் மகள் கிருத்திகாதான் கூட ஆடுபவள். இரண்டு பொம்மைகள் ஒரு பெட்டியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பாலம் கடக்க வேண்டும். ஒருவர் கை தாமதித்தால் பெட்டி ஆற்றில் விழும். அப்பாவும் மகளும் போனில் பேசினால் "சாப்ட்டியா கண்ணு?", "சாப்ட்டேன்ப்பா" என்பதோடு சரக்கு தீர்ந்துவிடும். ஆட்டத்தின் சாக்கில் மட்டும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவர் சொன்ன தாமதத்துக்கு முதல் வாரம் வைஃபையை விட்டுவிட்டு நேராகக் கேபிள் இழுத்தேன். வியாழக்கிழமை மதியம் அவரை யூனிட்டிலிருந்து வரவழைத்து ஆட விட்டேன். அருமையாக ஓடியது. ஞாயிறு மாலை போன் வந்தது. "அதே கதைதானுங்க தம்பி."

இரண்டாவது வாரம் மானிட்டரில் கேம் மோடு போட்டேன். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று நேரத்தைத் தின்னும் வசதிகளையெல்லாம் அணைத்தேன். வியாழன் அருமை. ஞாயிறு மறுபடியும் பெட்டி ஆற்றில். நெட் கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டேன். அவன் லைனைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யாது என்றால் அது கம்ப்யூட்டரா, பேங்க்கா?

அந்த ஞாயிறு போனில் மகுடேஸ்வரன் குரலே சரியில்லை. "பாப்பா சொல்லீருச்சுங்க. அடுத்த வாரம் ஒருக்கா பாக்கலாம்ப்பா, சரிப்படலீன்னா உட்டர்லாம், உங்களுக்கும் செரமம்னு. கேமு நின்னா, அது எங்கிட்டப் பேசறதும் நின்னு போயிருங்க தம்பி."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு நானே போய் உட்கார்ந்தேன்.

மேசையில் இரண்டு மானிட்டர்கள். வியாழக்கிழமைகளில் இரண்டாவது எப்போதும் அணைந்தே கிடக்கும். அன்று எரிந்துகொண்டிருந்தது. அதில் எட்டுக் கட்டங்கள். கட்டத்துக்குள் மிசின்கள் சுற்றின.

"இது என்னண்ணே?"

"யூனிட்டு கேமராதானுங்க. அது பாட்டுக்கு ஓடீட்டிருக்கும். அதுல யாரும் வெளையாடறதில்லையே?"

எட்டு வீடியோவும் கேம் வருகிற அதே லைனில்தான் வருகின்றன. எட்டையும் விரித்துக் காட்டுவது அதே கம்ப்யூட்டர்தான். பொம்மை தூங்காமல் என்ன செய்யும்?

"தெனமும் போடுவீங்களாண்ணே?"

"மத்த நாள்ல நாந்தான் அங்கயே இருப்பனுங்களே."

ஞாயிற்றுக்கிழமை, மிசின்களைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டருக்கு லீவு. அன்று மகுடேஸ்வரனின் மனைவி சித்ராதேவி யூனிட்டுக்குப் போய்விடுவார். வாரத்தில் ஒரு நாளாவது இவர் மகளோடு நிம்மதியாக உட்காரட்டும் என்று அவரே செய்த ஏற்பாடு அது. இவரோ அந்த அம்மாவை அங்கே அனுப்பிவிட்டு, இங்கிருந்து மிசினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

"மூடுங்கண்ணே அதை."

அவர் கை மவுஸுக்குப் போய் நின்றது. பதினாறு வயதில் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஆபரேட்டராகி, ஒவ்வொரு மிசினாக வாங்கிய மனுசன். நூல் கோன் தீர்ந்தாலும் ஊசி ஒடிந்தாலும் மிசின் தானாக நின்று சிவப்பு லைட் எரியும். அந்த லைட்டைப் பார்த்தவுடன் வீட்டிலிருந்தே மனைவிக்குப் போன் போடுவாராம், ஆட்டத்துக்கு நடுவிலும்.

"மூடீட்டா, மிசின் நின்னா ஆருங்க பாக்கறது?"

"அக்கா அங்கனதான நிக்காக?"

புதுச் செய்தி கேட்டவர் போல என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார். ஆனாலும் கை நகரவில்லை.

நான்கு மணி. கேம் வழியாகவே வரும் மகளின் குரலை, நானும் கேட்பதற்காகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அப்பா, வந்தாச்சா?" என்றாள் கிருத்திகா. அவர் கண் கட்டங்களிலேயே இருந்தது.

"அப்பா?"

"ஆ... என்ன கண்ணு?"

எனக்குச் சுருக்கென்றது. அவரும் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது மானிட்டரில் ஓடியதை அவரே மூடி, மானிட்டரையும் அணைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. அமுக்கினார், பொம்மை கையைத் தூக்கியது. அமுக்க அமுக்க நடந்தது. பெட்டி ஆடி, சாய்ந்து, நிமிர்ந்து, அக்கரை சேர்ந்தது.

"அப்பா! தாண்டிட்டோம்! எப்படிப்பா சரியாச்சு?"

"யூனிட்டு கேமராவை மூடீட்டேன் கண்ணு."

"இத்தனை நாளா எங்கூட ஆடும்போது அதையா பாத்துட்டிருந்தீங்க?"

"ஆமா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நான் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் வேற நெனச்சேன்ப்பா" என்றாள் கடைசியில். "எது கேட்டாலும் ரெண்டு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு. எங்கூட பேச உங்களுக்குப் புடிக்கலை போலன்னு... அதான் விட்டுரலாம்னேன்."

மகுடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். "அட, இல்ல கண்ணு" என்றார்.

அப்போது மேசையிலிருந்த அவர் போன் அடித்தது; அதையும் ஸ்பீக்கரில் போட்டார். சித்ராதேவி.

"ஏனுங்க, மூணாம் மிசின் நின்னு, கோன் மாத்தி, திருப்பி ஓட்டியும் ஆச்சு. உங்க போனையே காணோம். ஒடம்புக்கு ஏதாச்சுங்களா? நீங்க பாக்கலீங்களா?"

அவர் அந்தக் கறுப்புத் திரையை ஒரு தடவை பார்த்தார்.

"பாக்கல சித்ரா" என்றார். "பாப்பாகூட வெளையாடீட்டிருக்கறேன்."