ஏழேழாக முடிந்த நூல்

நவம்பர் 9, ஞாயிறு, காலை பத்தே கால், தூறல். மைசூரில், சிறைப் பெண்கள் நெய்ததை விற்கும் கடையில் நீலக்கரைத் துண்டு ஒன்றை எடுத்தேன். ஓரத்து நூல்களை ஏழேழாக முடிந்திருந்தார்கள். நுனிகள் பிசிறாக இருந்தன.

"உள்ளே கத்தரி கொடுக்க மாட்டோம் அஜ்ஜா. பல்லாலதான் கடிப்பாங்க" என்றார், கன்னடத்தில் என்னைத் தாத்தா என்றழைத்து, துண்டு விற்ற பெண் காவலர்.

என் எட்டு வயதில் அம்மா தொண்ணூற்று நான்கு நாள் வீட்டில் இல்லை. ஹனூரில் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றார் அப்பா. திரும்பி வந்த அம்மாவின் தோளில் இதே மாதிரி, நுனி பிசிறிய நீலக்கரைத் துண்டு. முடிச்சு நாற்பத்திரண்டு என்று எண்ணிச் சொன்னேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிறகொரு நாள், தெருச் சண்டையில் கேட்ட "ஜெயிலுக்குப் போனவளே" என்ற வசவை விளையாட்டாக அம்மாவிடமே சொன்னேன். சோறு போட்ட கை அப்படியே நின்றது.

கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்து, அந்த நாட்களில் அம்மா எங்கே இருந்தாள் என்று கேட்டேன்.

"யார் வீட்டுச் சங்கிலியோ காணோம்னு அம்மாவைப் பிடிச்சுட்டுப் போனாங்க. நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரியும்டா. உன்கிட்ட சொன்னா, எத்தனை நாள்னு தெரு முழுக்க கணக்குச் சொல்லுவியே!"

அறுபத்தாறு வருஷம் மறைத்திருக்கிறார்கள். இந்த முறை முடிச்சுகளை எண்ணவில்லை. துண்டுக்கு நூற்று எண்பது ரூபாய் கொடுத்தேன்.