தேறிய உடம்பு

பத்து வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. மாதம் முழுக்க உதிரப்போக்கு. சின்னமனூர் பக்கம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் நிற்கக்கூட முடியாமல் போயிருந்தது. தேனி டாக்டர், சினைப்பைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டார். நாங்கள் கொடியை நம்பிப் பிழைக்கிறவர்கள். அறுவடை முடிந்தால் பந்தலையே மொட்டையாக வெட்டிக் கவாத்து செய்வோம். அப்புறம்தான் கொடி தழைக்கும். அந்தப் புத்தியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: “கழிச்சா ஒட்டக் கழிச்சிரணும். எல்லாத்தையும் சேத்து எடுத்துருங்க.” நானும் தலையாட்டினேன். அவரை மட்டும் குறை சொல்லி என்ன?

நானும் தழைக்கத்தான் செய்தேன். ஒரே வருஷத்தில் ரவிக்கை எதுவும் பத்தவில்லை. பார்த்தவர்களெல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பந்தல் வேலை என்பது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே செய்கிற வேலை. மத்தியானச் சோறு வரைக்கும் கையை இறக்காதவள் நான். அந்தக் கை பத்துக் கொடிக்குள் நடுங்கியது. கத்தரி நழுவி விழுந்தது. சோற்றைக் குறைத்தேன், வயிறு அப்படியே இருந்தது, தொடைதான் மெலிந்தது. ஒருநாள் பழப்பெட்டியைத் தூக்கக் குனிந்தவள் எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன் பிள்ளை பெறுவதற்கு மட்டும் இல்லையாம். சதை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும், தின்றதை எரித்துப் பலமாக்குவதற்கும் அது வேண்டுமாம். திடீரென்று அது நின்றுபோனால் சதை கரையும், வயிற்றில் கொழுப்பு ஏறும்.

“நீங்க தேறலம்மா. சதை போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்திருக்கு.”

வீட்டில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. தேறினவள் என்ற பெயரை விட மனசு வரவில்லை.

நேற்று, கம்பத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் போன் செய்தாள். வயது இருபத்தொன்பது. அவளுக்கும் ஆறு மாதமாக அதே உதிரப்போக்கு.

“ஆப்பரேசனுக்கு நாளு குடுத்துட்டாகம்மா, வியாழக்கெழம. சினைப்பையையும் சேத்து எடுத்துரச் சொல்லிட்டோம்.”

வேண்டாம் என்று கத்தினேன். அவள் சிரித்தாள்.

“நீ எடுத்த பொறகுதானம்மா தேறுன. உன்னையக் காட்டித்தான் எங்க அத்தையச் சம்மதிக்க வச்சேன்.”

இன்று புதன்கிழமை. கம்பம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். என் புஜத்தை அவளும் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஏறும்போது படியில் கால் எழும்பவில்லை. கண்டக்டர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.