எட்டுத் தோளுக்கு ஒரு சும்மாடு

அப்பா கிடங்கில் மூட்டை தூக்குபவர். இருபத்தெட்டு வருஷச் சுமையில் அவருடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. அந்தத் தோளில்தான் மூன்றாவது முறையாகக் கட்டி.

"வழக்கமான மாத்திரைக்கு இந்தக் கிருமி மசியாது. தொட்டால் மற்றவர்களுக்கும் பரவும்," என்றார் மருத்துவர். சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். புண் மூடியே இருக்க வேண்டும், துண்டும் சவரக்கத்தியும் தனியாக இருக்க வேண்டும், கட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அக்கா வேறு, பிறந்து பதினோரு நாளான குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கூலி போய்விடுமென்று அப்பா வேலைக்குப் போனார். அங்கே கிடங்கில்தான் சிக்கல், சும்மாட்டால். மூட்டைக்கடியில் தோளில் வைக்கும் அந்தத் துணிச்சுருளை எட்டுப் பேரும் மாற்றி மாற்றி வைப்பார்கள். வேர்வையில் நனைந்தால் ஆணியில் மாட்டுவார்கள், துவைப்பதில்லை. அப்பாவுக்கென்று புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை அது இல்லாமல் வந்தார்.

"எங்கப்பா?"

"ஆணியில கெடக்கு. எல்லாரும் வச்சுக்கிறாங்க."

"உங்களுக்குத் தனியாத்தானே குடுத்தேன்!"

"தனியா வச்சா, 'என்ன மாமா, தனிக்குடித்தனமா? எங்க வேர்வை நாறுதா?'ங்கிறானுங்க. அவனுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அவங்களுக்கும் ஒட்டிக்கும்ப்பா. கையாவது கழுவுனீங்களா?"

"எங்க போய்க் கழுவ? குழாய் ஆபீஸுக்குள்ள இருக்கு. எங்கள உள்ள விடமாட்டாங்க. வாய் வலிக்கச் சொன்னியே, இதக் கேட்டியா?"

கேட்கவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். தண்ணீர் எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றாத படிப்பு.

மறுநாள் குழாய் வைத்த வாளி ஒன்று, சோப்பு, எட்டுச் சும்மாடுகளோடு கிடங்குக்குப் போனேன். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் தையல். 'தனி' என்ற சொல்லையே எடுக்கவில்லை. "ஆளுக்கு ஒண்ணுண்ணே," என்றேன்.

"ரோஸ் கலரு மாமாவுக்கு!" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. மாலையில் போய்ப் பார்த்தால் அப்பாவின் தோளில் பச்சை, அவருடைய ரோஸ் இன்னொருவர் கழுத்தில். வாளித் தண்ணீரில் யாரோ தேநீர்க் குவளை கழுவியிருந்தார்கள்.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். "நாளைக்குக் கெளம்பட்டுமா?"

"வேணாம். ரெண்டு வாரம் அங்கயே இரு. அப்பாவுக்குப் புண் ஆறட்டும்."

"பெத்த வீட்டுக்கு வராதேன்னு நீயே சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "புள்ளையத் தூக்கமாட்டேன். தள்ளி நின்னு பாத்துக்கிறேன்னு சொல்லேன்," என்றார். சொல்லும்போதே அவர் கை தோளில் போட்டிருந்த கட்டைச் சொறிந்தது.

"அப்பா, கை!"